இலக்கணம் நாவில் வருவது எப்படி?

'அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், உங்களில் பலர் 'ஷி கோஸ்' என்று சரியாகவே எழுதுவீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவாக வந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் வேகமாகப் பேசும்போது 'ஷி கோ' என்றே வாயில் வருகிறது. விதி தெரிந்திருந்தும் ஏன் இப்படி?

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'அவள் போகிறான்' என்று நாம் தவறியும் சொல்வதில்லை. பள்ளியில் சேருமுன்பே, யாரும் விதி சொல்லித் தராமலே பழகிவிட்டோம். அப்படியானால் ஆங்கில இலக்கணத்தையும் விதி சொல்லாமலே கற்பிக்கலாமா? நான் பௌதிக ஆசிரியன். இத்தகைய கேள்வியை வாதாடித் தீர்க்க இயலாது, சோதித்தே பார்க்க வேண்டும் என்பேன். அத்தகைய சோதனை ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

பெங்களூர்ச் சோதனை

1979ஆம் ஆண்டு என். எஸ். பிரபு என்னும் மொழியறிஞர் பெங்களூரில் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அது நடைபெற்றது. அவ்வகுப்புகளில் இலக்கணப் பாடமே கிடையாது. அதற்குப் பதிலாக ரயில் கால அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ வைத்துக்கொண்டு ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். 'இந்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது?' என்பது போன்ற கணக்குகளை மாணவர்கள் தீர்க்க வேண்டும். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே படியும் என்பது பிரபுவின் கருத்து.

பலன் என்ன? அலன் பெரெட்டா, அலன் டேவிஸ் என்ற இருவர் இம்மாணவர்களையும் வழக்கமான முறையில் பயின்றவர்களையும் ஒப்பிட்டு, 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். இலக்கண அமைப்புகளைக் கேட்ட தேர்வில் வழக்கமான வகுப்பு முந்தியது. பணிகளைச் செய்யச் சொன்ன தேர்வில் புதிய வகுப்பு முந்தியது. இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளின் முடிவுகள் பெரும்பாலும் புதிய முறைக்கே ஆதரவாக இருந்தன.

அளவுகோல் எது?

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஒரு குவளையில் கொதிநீர். ஒரு வாளி நிறைய வெதுவெதுப்பான நீர். வெப்பமானியை நம்பினால் குவளைதான் வெல்லும். எது அதிகப் பனிக்கட்டியை உருக்கும் என்று பார்த்தால் வாளிதான் வெல்லும். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு! அதுபோலவே விதியை அறிந்திருப்பது வேறு, அதைப் பேச்சில் கையாளுவது வேறு. ஒன்றை அளக்கும் தேர்வு மற்றொன்றைக் காட்டாது.

2000ஆம் ஆண்டில் நோரிஸ், ஒர்டேகா என்ற ஆய்வாளர்கள் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விதியை வெளிப்படையாக விளக்கும் முறையே கூடுதல் பலன் தந்ததாகத் தெரிந்தது. ஆனால் அவற்றில் பல ஆய்வுகள் விதியறிவை அளக்கும் தேர்வுகளையே பயன்படுத்தியிருந்தன என்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினர்.

கேட்டால் மட்டும் போதுமா?

அப்படியானால் விதியே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். கனடாவில் மான்ட்ரியல் அருகேயுள்ள செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், 1965 முதல் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தினர். இம்முறை பிற இடங்களுக்கும் பரவியது. இவ்வாறு பல ஆண்டுகள் பயின்ற குழந்தைகள் பிரெஞ்சு மொழியைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதோ இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. கேட்டுப் புரிந்துகொள்ள முழு இலக்கணமும் தேவைப்படுவதில்லை. தாமே வாக்கியம் அமைக்கும்போதுதான் குறை தெரிகிறது. ஆகவே மாணவர்கள் பேசவும் எழுதவும் வேண்டும் என்று 1985இல் மெரில் ஸ்வெய்ன் என்னும் அறிஞர் வற்புறுத்தினார்.

ஆக, விதி நம் பிழையை நமக்குக் காட்டும் விளக்கு. நடந்து பழகுவது நம் கால்தான்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நேற்று செய்தவற்றை நண்பனிடம் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இறந்தகால வினைகளில் எத்தனை தவறின என்று அவன் குறித்துக்கொள்ளட்டும். அந்த வாக்கியங்களை இருவரும் சேர்ந்து திருத்துங்கள். தினமும் இப்படிப் பேசி, ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். பிழைக்கு நாணி வாயை மூடிக்கொண்டால் அளப்பதற்கே ஒன்றும் இராது!