மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு செடிக் கணக்கு

ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு, மாடு மேய்ப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "கொழுக்கட்டைப் புல் போச்சுங்கய்யா. எங்க பாத்தாலும் உண்ணிச்செடியும் கொழிஞ்சியுந்தான்." ஆடுகள் தின்று தீர்த்ததே காரணம் என்கிறார் ஒருவர். மழை முன்போல் இல்லை என்கிறார் மற்றொருவர். கோடையில் வைக்கும் தீதான் என்பவரும் உண்டு. இவர்களில் யார் சொல்வது சரி என்று என்னால் தீர்ப்புக் கூற முடியவில்லை. பழைய கணக்கு எவரிடமும் இல்லாததே காரணம்.

இது திண்ணைப் பேச்சோடு முடிகிற காரியம் அல்ல. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்கு வரையறுத்தது. மலைமாடு வைத்திருக்கும் தேனி மாவட்டத்தாருக்கு இதன் கனம் தெரியும். மேய்ச்சலால் புல் அழிந்தது என்றோ, அழியவில்லை என்றோ வாதிடுபவர் எதைக் காட்டுவார்? அன்று என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்ற பதிவைத்தானே காட்ட வேண்டும்.

ஒரே இடத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய், முன்பு எண்ணிய முறையிலேயே செடிகளை எண்ணிப் பார்ப்பதை மறு கணக்கெடுப்பு என்கிறோம். நமக்கு வடக்கே உள்ள பழனி மலையில் இத்தகைய ஒப்பீடு ஒன்று நடந்தது. 1973-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களையும் 2014-ஆம் ஆண்டின் படங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இந்த 41 ஆண்டுகளில் மலையுச்சிப் புல்வெளி 66 சதவீதமும், சோலைக்காடு 31 சதவீதமும் குறைந்திருந்தன. வாட்டில், தைலமரம், பைன் போன்ற மரத்தோட்டங்கள் 12 மடங்காகியிருந்தன. "மலை பச்சையாகத்தானே இருக்கிறது" என்று கீழிருந்து பார்த்துச் சொல்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

ஆனால் அந்தப் படம் புல்வெளியைக் காட்டுமே தவிர, எந்தப் புல் என்று காட்டாது. பைசன் என்ற தாவரவியல் பேராசிரியர் 1915 முதல் 1920 வரை நீலகிரி, பழனி மலையுச்சிச் செடிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். மாத்யூ பாதிரியாரின் பழனி மலைத் தாவர நூல் 1999-இல் வந்தது. எந்தச் செடி இருந்தது என்பதற்கு இவை நல்ல சான்று. இந்த இடத்தில் இத்தனை என்ற எண்ணிக்கை வேண்டுமானால் நிலையான பாத்தி வேண்டும். முதுமலைக் காட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் 50 எக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டார்கள். எண்ணிக்கை சுமார் 26,000. அதே மரங்களை இன்றுவரை திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறார்கள். அந்நிலத்தில் உண்ணிச்செடி 1990-க்கும் 2008-க்கும் இடையே பெருகியதைக் கட்டம் கட்டமாகக் காட்ட முடிந்தது. எந்த ஆண்டு தீ வந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்தது என்ற குறிப்பும் கூடவே இருந்ததால், காரணத்தை ஆராயவும் வழி பிறந்தது.

இடத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால் எல்லாம் வீண். இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். 1998-இல் இந்த அடிவாரத்திலேயே செடிகளை எண்ணினேன். குறிப்பேட்டில் 'ஊருக்கு மேற்கே, சரிவான மேய்ச்சல் நிலம்' என்று மட்டும் எழுதினேன். சென்ற ஆண்டு அதே நோட்டுடன் போனேன். அன்று உடன் வந்த பெரியவர், "இந்தப் பாறைகிட்டத்தான்யா உக்காந்து எழுதுனீக" என்றார். எனக்கோ ஓடைக்கு அந்தப் பக்கம் என்று ஞாபகம். அந்த நோட்டு இப்போது எதற்கும் உதவாது.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இச்சிக்கல் வந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ மலையில் 1802-இல் ஹம்போல்ட் செடிகளைக் குறித்தார். 2012-இல் அங்கே மறுபடி பார்த்தவர்கள், வெப்பம் கூடியதால் செடிகள் 500 மீட்டருக்கு மேல் மலையேறிவிட்டன என்றார்கள். 2019-இல் வேறு ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஹம்போல்ட்டின் உயர்மலைக் குறிப்புகளில் பெரும்பகுதி அண்டிசானா என்ற வேறொரு மலையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. அந்த மலையில் ஒப்பிட்டபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர்தான்.

நம் ஊரில் இதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. ஊராட்சியின் சம்மதத்துடன் மேய்ச்சல் புறம்போக்கிலோ, சொந்தத் தரிசிலோ செய்யலாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இன்றிப் போகக் கூடாது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் அளந்து, நான்கு மூலையிலும் கல்லை முழங்கால் ஆழத்துக்குப் புதையுங்கள். பக்கத்திலேயே, அதே மண், அதே சரிவில், இன்னொரு சதுரம் எடுத்து அதற்கு மட்டும் ஆடு நுழையாதபடி முள்வேலி இடுங்கள். இந்த இரண்டாவது சதுரத்தை வீண் வேலை என்று விட்டுவிடாதீர்கள். திறந்த பாத்தியில் மட்டும் கொழுக்கட்டைப் புல் குறைந்து, வேலிக்குள் தழைத்தால் மேய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் சேர்ந்தே குறைந்தால் ஆட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மழை, மண், களை இவற்றைப் பார்க்க வேண்டும். கொழிஞ்சியையும் ஆவாரையையும் ஆடுமாடுகள் அதிகம் தொடுவதில்லை. ஆகவே திறந்த பாத்தியில் அவை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனால், நல்ல புல்லின் மேல் சுமை அதிகம் என்று கொள்ளலாம்.

எண்ணுவதற்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டம் போதும். ஒவ்வொரு சதுரத்திலும் ஐந்து இடங்களில், ஆண்டுதோறும் அதே ஐந்து இடங்களில், சட்டத்தை வைத்து உள்ளே உள்ள செடிகளை எண்ணவும். புல்லை எண்ண முடியாது. சட்டத்துக்குள் பத்தில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதினால் போதும். பெயர் தெரியாத செடிக்கு ஊர்ப் பெயரை எழுதி, ஒரு கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காய வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழியில், புல் பூக்கும் சமயமே இதற்கு ஏற்றது. ஓர் ஆண்டு மார்கழியிலும் மறு ஆண்டு பங்குனியிலும் எண்ணினால் நிலம் மாறியதா, பருவம் மாறியதா என்று புரியாது. ஒரே மூலைக்கல்லில் நின்று கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரு நல்ல மழையே அத்தனையையும் புரட்டிவிடும். அந்தந்த ஆண்டின் மழை, தீ, ஆடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் கரையும். ஒரு படி வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் கல் புதைத்த இடத்துக்கு வழி எழுதும்போது, ஊர்க் கிணறு, கோயில், பாலம் என்று நகராத அடையாளத்திலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதுங்கள். வேப்பமரத்தை அடையாளமாக எழுத வேண்டாம்.