மினி சூறாவளியும் பெருஞ் சூறாவளியும்

பலத்த காற்று வீசிக் கூரைத் தகரங்கள் பறக்கும் போதெல்லாம் அதனை ‘மினி சூறாவளி’ என்று அழைப்பது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. காலநிலை மாற்றமே இதற்குக் காரணம் என்ற முடிவுக்கும் நாம் உடனடியாக வந்துவிடுகின்றோம். இது பாதி உண்மை மாத்திரமே. எந்தப் பாதி உண்மை என்பதை அறிந்துகொள்வது, வேலணைத் தீவிலுள்ள சரவணை போன்ற கிராமங்களுக்கு உயிரோடும் குடிநீரோடும் தொடர்புடைய விடயமாகும்.

மினி சூறாவளி என்பது பெருஞ் சூறாவளியின் சிறிய வடிவமன்று. அது இடிமுகிலோடு பிறப்பது. சிலவேளை முகிலிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்றாகவும், சிலவேளை உண்மையான சுழல்காற்றாகவும் அமையும். சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஆயினும் அற்பமாகக் கருதத்தக்கதன்று. 1989 ஏப்ரல் 26ஆம் திகதி பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய சுழல்காற்று ஏறத்தாழ 1,300 உயிர்களைப் பலிகொண்டது.

பூமி வெப்பமடைவதால் இத்தகைய சுழல்காற்றுகள் பெருகுமா? விஞ்ஞானிகள் இதற்கு உறுதியான விடை கூறவில்லை. சுழல்காற்று உருவாக வெப்பமும் ஈரப்பதனும் மிக்க காற்று தேவை. அத்துடன் உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுபடவும் வேண்டும். வெப்பமயமாதல் முதலாவதைக் கூட்டுகின்றது. இரண்டாவதைப் பல இடங்களில் குறைக்கவும் கூடும்.

பெருஞ் சூறாவளியின் கதை வேறு. அது வெப்பமான கடலிலிருந்து சக்தியைப் பெற்று, பல நூறு கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து, நாட்கணக்கில் நிலைப்பது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை கடுமையாகும். சூறாவளிகளின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், அவற்றுள் வலிமை மிக்கவற்றின் பங்கு கூடும் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதால், சூறாவளி தள்ளிவரும் அலையும் அந்தளவு மேலிருந்தே புறப்படுகின்றது.

அந்த அலையின் வலிமையை எமது பாக்குநீரிணை அறியும். 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்துசென்ற சூறாவளி தனுஷ்கோடியையே அழித்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்புக் கரையோரத்தின் தமிழ், முஸ்லிம் ஊர்களைச் சூறாவளி பேதமின்றிச் சிதைத்தது. 2020 டிசம்பரில் ‘புரெவி’ திருகோணமலைக் கரையைக் கடந்து வலுவிழந்த பின்னரும், மன்னார் வளைகுடாவில் தரித்துநின்று யாழ்ப்பாணத்தில் மழையைக் கொட்டியது. 2025 நவம்பரில் ‘டித்வா’ நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது காற்றன்று, வெள்ளமும் மண்சரிவுமே.

தீவக மக்களுக்கு இன்னுமோர் இழப்பும் உண்டு. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கின்றது. அதுவே எமது நன்னீர்க் கிணறு. கடலலை ஒருதடவை புகுந்தாலும் கிணறு உவராகிவிடும். 2004 ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகள் தெளிய மாரி மழைகள் தேவைப்பட்டன. அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில், கீழிருந்த உப்புநீர் மேலேறி நிலைமை மோசமானது.

ஆகவே இரண்டு ஆபத்துகளுக்கும் ஆயத்தம் வேறு வேறானது. மினி சூறாவளிக்கு முன்னறிவித்தல் கிடைப்பது அரிது. கூரையை வளையோடும் சுவரோடும் இறுகப் பிணைப்பதும், வீட்டின்மேல் சாயக்கூடிய பட்ட மரங்களைத் தறிப்பதும், இடிமுழக்கம் கேட்டதும் வெளியிடத்தை விட்டு அகல்வதுமே காப்பு. பெருஞ் சூறாவளிக்கோ நாட்கள் முன்பே அறிவித்தல் கிடைக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்ததும் கடற்றொழிலாளர் கரை திரும்ப வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு நிற்பதற்கு முன்னரே நோயாளரும் கர்ப்பிணிகளும் யாழ்ப்பாணம் சேர வேண்டும். மழைநீர்த் தாங்கிகளை அமைப்பதும், குளங்களைத் தூர்வாரி நன்னீரைப் பெருக்குவதும், கரையோரக் கண்டல்களைக் காப்பதும் அதிகாரிகளினதும் மக்களினதும் கூட்டுக் கடமையாகும்.

காற்று வரும் திசையை நாம் மாற்ற முடியாது. அறிவித்தல் கிடைக்கும் அந்த இரண்டொரு நாட்களை வீணாக்காதிருப்பது எம் கையிலேயே உள்ளது.