கரையின் பிள்ளையும் நீரின் பிள்ளையும்

நுழையும்முன்

ஒரே கரையில் வாழும் இரு சிற்றுயிர்கள் இருவேறு வாழ்க்கை முறைகளைக் கொண்டுள்ளன. அவற்றை ஒப்பிட்டு நோக்கினால், நீர்நிலையின் எல்லை எதுவரை என்பது புலனாகும்.

ஏரிகள் நிறைந்த மாவட்டம் செங்கல்பட்டு. வடகிழக்குப் பருவமழைக்குப்பின், மதுராந்தகம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள ஏரிக்கரைகளிலும் ஓடைகளின் ஓரங்களிலும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியையும் மஞ்சள்நிற ஊசித்தட்டான் ஒன்றையும் காணலாம். இவ்வூசித்தட்டானுக்கு 1798ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் பெப்ரீசியசு, சோழமண்டலக் கடற்கரையின் பெயரால் 'கோரமண்டலியானம்' எனப் பெயரிட்டார்.

தோற்றம்

இரண்டும் நான்கு இறக்கைகள் உடையவை. அமரும்போது அவற்றை முதுகின்மேல் சேர்த்து மடக்குபவை. வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகளை நுண்செதில்கள் போர்த்தியுள்ளன. அவையே நிறம் தருகின்றன. ஊசித்தட்டானின் இறக்கைகளோ கண்ணாடி போன்றவை. அதன் மஞ்சள்நிறம் ஊசிபோல் நீண்ட வயிற்றுப்பகுதியில் உள்ளது. முன்னதன் உணர்கொம்புகள் நீண்டு, நுனி தடித்தவை. பின்னதன் உணர்கொம்புகள் மிகக் குறுகியவை. அது தன் பெரிய கண்களைக் கொண்டே இரையைத் தேடுகிறது.

உணவும் வளர்ச்சியும்

வெந்தய வரியன் எருக்கிலையில் முட்டையிடும். புழு அவ்விலையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் சிறகு பெறும். இது முழு உருமாற்றம். எருக்கம்பாலின் நச்சு உடலில் தங்குவதால் பறவைகள் அதனை விரும்புவதில்லை. வளர்ந்த பூச்சி உறிஞ்சுகுழலால் பூந்தேனைப் பருகும்.

ஊசித்தட்டான் நீர்ச்செடியின் தண்டைத் துளைத்து முட்டையிடும். அதன் இளவுயிரி, வால்நுனியிலுள்ள மூன்று செவுள்களின் துணையுடன் நீருக்குள் வாழும். கொசுப்புழு முதலியவற்றை உண்ணும். பின்னர்ச் செடியின்மீது ஏறித் தோலுரித்துப் பறக்கும். கூட்டுப்புழுப் பருவம் இல்லாத இது குறை உருமாற்றம். வளர்ந்தபின்னும் அது வேட்டையாடியே. சிறு பூச்சிகளைப் பறந்து பிடிக்கும்.

இரண்டிற்கும் தேவையானது

கரையைத் தூய்மை செய்வதாக எண்ணி எருக்கை வேரோடு அகற்றினால், வெந்தய வரியன் முட்டையிட இடமின்றிப் போகும். ஏரி தூர்ந்தாலோ நீர்ச்செடிகள் முற்றும் அழிந்தாலோ ஊசித்தட்டானின் அடுத்த தலைமுறை தோன்றாது. கொசுப்புழுக்களை உண்ணும் உயிர் ஒன்று குறையும். நீர் தேங்கும் பரப்பு மட்டும் ஏரியன்று. கரையும் அதன் செடிகொடிகளும் சேர்ந்ததே ஏரி. ஆதலின், ஏரியைக் காக்க முனைவோர் நீரோடு கரையையும் காத்தல் வேண்டும்.