மேற்பார்வையாளரின் வன்சொல்லும் அதன் காரணங்களும்: ஆயத்த ஆடைத் தொழிலை முன்வைத்து

முன்னுரை

மேற்பார்வையாளர் தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரை இகழ்தலும் பலர்முன் கடிதலும் தனிமனிதக் குணக்கேடு என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரையறை

அமெரிக்க மேலாண்மையியல் ஆய்வாளர் பென்னட் டெப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது. உடல்தாக்குதல் நீங்கலாக, சொல்லாலும் செயலாலும் மேற்பார்வையாளர் தொடர்ந்து காட்டும் பகைமையைப் பணியாளர் எந்த அளவிற்கு உணர்கின்றார் என்பதைக் கொண்டு அவர் இதனை வரையறுத்தார். என்றோ ஒருநாள் எழுந்த சினம் இதனுள் அடங்காது.

உளவியல் காரணங்கள்

முதலாவது, இடம்பெயர்ந்த சினம். நிறுவனம் தம்மை நேர்மையாக நடத்தவில்லை என்று உணரும் மேற்பார்வையாளர் மேலிடத்தை எதிர்க்க இயலாத நிலையில், எதிர்த்துப் பேச இயலாதவர்மீது அச்சினத்தைத் திருப்புகின்றார். இரண்டாவது, கற்றுக்கொண்ட நடத்தை. தம் மேலதிகாரி தம்மை நடத்திய முறையையே அவர் நிருவாக முறையாக ஏற்றுக்கொள்கின்றார். எனவே வன்சொல் மேலிருந்து கீழாக வழிகின்றது.

அமைப்புசார் காரணங்கள்

ஆடை ஆலையின் தையல் வரிசையில் இது தெளிவாகப் புலப்படும். கொள்முதல் நிறுவனங்கள் விதிக்கும் குறைந்த விலையும் குறுகிய காலக்கெடுவும் ஆலைக்குள் மணிக்கணக்கிலான உற்பத்தி இலக்காக உருமாறுகின்றன. கழுத்துப்பட்டி தைக்கும் ஒருவர் பின்தங்கினால் அவர்முன் துணிகள் குவியும். அடுத்திருப்போர் வேலையின்றிக் காத்திருப்பர். எண்ணிக்கைக்கு விடை கூற வேண்டியவர் மேற்பார்வையாளரே. ஆயினும் இலக்கைக் குறைக்கவோ ஆள் கூட்டவோ அவருக்கு உரிமை இல்லை. பொறுப்பு மிகுந்து அதிகாரம் குறைந்த அந்நிலையில் அவர் கையிலுள்ள ஒரே கருவி வசையாகும். தைப்போர் பெரும்பாலும் பெண்களாகவும் மேற்பார்ப்போர் பெரும்பாலும் ஆண்களாகவும் இருப்பதால், பாலின, சாதி ஏற்றத்தாழ்வுகள் அவ்வசைக்குத் துணிவளிக்கின்றன.

தீர்வு நோக்கி

2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் உடன்பாடு இங்குக் கருதத்தக்கது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஆடை உற்பத்தி நிறுவனத்துடன் செய்துகொண்ட இவ்வுடன்பாடு, பன்னாட்டு ஆடை நிறுவனங்களையும் பொறுப்பேற்கச் செய்தது. பயிற்சி பெற்ற தொழிலாளரே பணியிடத்தைக் கண்காணிக்கவும் வழிவகுத்தது.

முடிவுரை

காரணங்களை எடுத்துரைப்பது வன்சொல்லாளரின் பொறுப்பை நீக்குவதாகாது. எனினும் ஒருவரை நீக்கி, அதே இலக்கையும் அதே அதிகாரமின்மையையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தால் வசை தொடரும். வசைபாடும் குரல் மட்டுமே மாறும். ஆகவே சீர்திருத்தம் மேற்பார்வையாளரிடம் தொடங்கலாம், அவரோடு நின்றுவிடலாகாது.