பீர் காய்ச்சுதலில் மாற்றுக் கருவிகள் (நீலகிரி)

வீட்டில் சிறிய அளவில் பீர் காய்ச்சுவோர், வெப்பமானி, அடர்த்திமானி போன்ற கருவிகள் இல்லாதபோது சமையலறைப் பொருட்களைக் கொண்டு அந்த வேலையை முடித்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். சமவெளியில் சரியாக நடக்கும் இம்மாற்றுகள் நீலகிரி போன்ற உயரமான இடத்தில் பிசகுகின்றன. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இன்றி மது தயாரிப்பது குற்றம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சுவதற்கான உரிமமுறை 1963-இல் நீக்கப்பட்டது. ஆகவே கீழே உள்ளவற்றை அறிவியல் விளக்கமாகவே கொள்ளவும்.

மலையே ஒரு கருவி

குளிர்சாதன இயந்திரம் வருமுன் வெப்ப நாடுகளில் பீர் காய்ச்சுவது கடினம். ஈஸ்ட் வேலை செய்ய ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் போதும். சமவெளி வெயிலில் அது அளவுக்கு மீறிப் பொங்கிச் சுவையைக் கெடுத்துவிடும். எனவே ஆங்கிலேயர் மலைகளை நாடினர். சாமுவேல் பேக்கர் 1849-இல் இலங்கையின் நுவரெலியாவில் மதுவாலை ஒன்றைத் தொடங்கினார். உதகமண்டலத்திலும் மதுவாலை இருந்தது. முர்ரீ நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் பங்கு பெற்றது. இல்லாத இயந்திரத்தின் வேலையை மலைக்காற்று பார்த்தது.

வெப்பமானி இல்லாதபோது

முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமையை (மால்ட்) நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். கலவை 65 முதல் 68 பாகைக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய மதுவாலைகளுக்கு வெப்பமானி 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் பயன்பட்ட வழிகளில் ஒன்று, கொதிநீரையும் பச்சைத் தண்ணீரையும் அளந்து கலப்பது.

சென்னையில் நீர் 100 பாகையில் கொதிக்கும். குழாய்நீர் 28 பாகை என்று கொள்வோம். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் 71 பாகை கிடைக்கும். ஒரு கிலோ மால்ட்டுக்கு இந்நீர் மூன்று லிட்டர் விட்டால் கலவை 66 பாகையில் நிற்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியிலோ நீர் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். குழாய்நீரும் 15 பாகைதான் இருக்கும். அதே 3:2 கணக்கை அங்கே போட்டால் கலவை 56 பாகைக்கு இறங்கிவிடும். மாவுச்சத்து சரியாக இளகாது, சர்க்கரையும் போதிய அளவு வராது. அங்கே மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்பதே சரியான கணக்கு.

மாவு முழுவதும் மாறியதா என்று பார்க்க, மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டுப் போதும். தட்டில் எடுத்த சாறு கருநீலமானால் மாவு மிச்சமிருக்கிறது. அந்தச் சொட்டைத் திரும்பப் பானையில் ஊற்றக் கூடாது.

கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் குறைந்த கொதிநிலையில் மெதுவாகத்தான் கசப்பை விடும். கூடுதல் நேரம் கொதிக்கவைக்க வேண்டும். மலையில் பருப்பு வேகக் குக்கர் இருக்கிறதே, இதற்கும் அதையே வைத்தால் என்ன என்று தோன்றலாம். நுரையும் பூவிதழும் ஆவித்துளையை அடைத்துவிடும் என்பதால் அது ஆபத்து.

அடர்த்திமானி இல்லாதபோது

நொதித்தல் முடிந்துவிட்டதா என்பதைக் காட்டுவது அடர்த்திமானி. பால் சங்கங்களில் உள்ள பால்மானியும் அதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் அதன் அளவுகோல் பெரும்பாலும் 1.015 முதல் 1.040 வரைதான். தொடக்கச் சாறு 1.048 என்றால் அளவுகோலைத் தாண்டிவிடும். சம அளவு நீர் சேர்த்து அளந்து இரட்டிக்கலாம். முடிந்த பீர் 1.010 அளவில் இருக்கும்போது பால்மானி மூழ்கிவிடும். ஒரு கிராம் வரை காட்டும் தராசு இதைவிட நம்பகமானது. 500 கிராம் நீர் கொள்ளும் புட்டியில் அதே அளவுக்குப் பீரை நிரப்பி, வாயு போகக் குலுக்கி நிறுத்தால் 505 கிராம் வரும், அதாவது 1.010.

குமிழி நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்வதே பெரிய தவறு. வாயு வெளியேற, மூடியில் செருகிய குழாயின் மறுமுனையைத் தண்ணீர்க் குவளையில் மூழ்கவைப்பார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும்போது குவளையில் குமிழி நிற்கும்; ஈஸ்ட் உறங்கியிருக்கும், சர்க்கரை தீர்ந்திருக்காது. அடர்த்தி 1.014-இல் நிற்கும்போதே, வாயு ஏற்றச் சர்க்கரையும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால், வெப்பத்தில் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். மிச்சமிருந்த நான்கு புள்ளிகள் மட்டுமே லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் கரியமில வாயுவை உண்டாக்கும். சாதாரண பீரில் மொத்தமே சுமார் இரண்டரை லிட்டர்தான். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும்.

எனவே குளிர்காலத்தில் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்படியின் கதகதப்பில் வைத்து, மூன்று நாள் தொடர்ந்து நிறுத்து, எடை மாறாமல் இருந்த பிறகே அடைக்க வேண்டும்.