திம்புக்துவின் இரும்புப் பெட்டிகள்

‘இருண்ட கண்டம்’ என்றுதான் ஆப்பிரிக்காவைப் பற்றி நமக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அங்கே எழுத்து ஏது, வரலாறு ஏது என்று எழுதிய ஐரோப்பியரின் கூற்றை நாமும் நம்பிவிட்டோம். அப்படி நம்பியிருப்போர் மாலி நாட்டின் திம்புக்து நகரைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

சஹாராப் பாலையின் தென்விளிம்பில், நைஜர் ஆற்றுக்கு அண்மையில் அமைந்த ஊர் அது. உப்பும் பொன்னும் கைமாறிய அந்தச் சந்தையில் 16ஆம் நூற்றாண்டில் நூல்களும் பெருவிலைக்கு விற்றன. சங்கோரே பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த அறிஞர் பெருமக்களின் இல்லங்களே கல்விக்கூடங்களாகத் திகழ்ந்தன. குர்ஆன் விரிவுரை, ஹதீஸ், பிக்ஹு ஆகியவற்றோடு வானியலும் மருத்துவமும் அங்கே ஓதப்பட்டன.

அவ்வூரின் புகழ்பெற்ற அறிஞர் அஹ்மத் பாபா (1556–1627). 1591இல் மொராக்கோப் படை நகரைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில் அவர் சிறைபிடிக்கப்பட்டு மராகிஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய 1,600 நூல்கள் பறிபோயின. தம் உறவினரின் நூலகங்களுள் தம்முடையதே மிகச் சிறியது என அவர் வருந்திக் கூறினாராம்! 1608இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

பிரெஞ்சுக்காரர் 1894இல் திம்புக்துவைக் கைக்கொண்டனர். நூல்கள் பறிக்கப்படுமோ என்றஞ்சிய குடும்பங்கள் அவற்றைப் பெட்டிகளில் இட்டுச் சுவருக்குள்ளும் மணலுக்கடியிலும் மறைத்தன. அச்சம் வீணானதன்று. 1890இல் செகூ நகரை வென்ற பிரெஞ்சுப் படை, உமர் தால் அவர்களின் மகன் அஹ்மது காத்து வந்த நூலகத்தையே பாரிஸுக்கு அள்ளிச் சென்றிருந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அம்மக்கள் சொங்காய், ஃபுலானி போன்ற தம் தாய்மொழிகளையும் அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அதற்கு அஜமி என்று பெயர். நம் முன்னோரின் அரபுத் தமிழும் இத்தகையதே. பிரெஞ்சு கற்றவருக்கே அலுவலகக் கதவு திறந்த அந்நாளில், அஜமி எழுதத் தெரிந்தவர் எழுத்தறியாதவராக எண்ணப்பட்டார். பாட்டனார் எழுதியதைப் பேரனால் படிக்க இயலாது போயிற்று. உங்கள் வீட்டுப் பரணிலுள்ள அரபுத் தமிழ்க் கிதாபை இன்று யார் ஓதுகிறார்கள்?

1960இல் மாலி விடுதலை பெற்றது. சுவடிகளைத் திரட்டிக் காக்க, 1973இல் அஹ்மத் பாபாவின் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அந்நியரை நம்பாத குடும்பங்கள் தம் அரசை நம்பவும் பல ஆண்டுகள் ஆயின. மெல்ல மெல்லத்தான் பெட்டிகள் திறந்தன.

பின்னர் 2012இல், மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆயுதக் குழுக்கள் நகருக்குள் நுழைந்தன. இறைநேசர்களின் அடக்கத்தலங்களை இடித்தன. 2013 ஜனவரியில் ஓடிப்போகும்போது நிலையத்தின் சுவடிகளுக்குத் தீயிட்டன. ஏறத்தாழ 4,000 சுவடிகள் அழிந்தன அல்லது காணாமற்போயின. குர்ஆன் உரைகளைச் சுமந்த ஏடுகளை எரித்த கைகள் யாருடையவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும், நூலகர்களும் குடும்பத்தினரும் முன்னரே விழித்துக்கொண்டிருந்தனர். இரும்புப் பெட்டிகளில் சுவடிகளை நிரப்பி, இரவோடு இரவாகக் கழுதை வண்டியிலும் படகிலும் ஏற்றி, தலைநகர் பமாகோவுக்குக் கடத்தினர். இலட்சக்கணக்கான சுவடிகள் தப்பின. பாலையின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் வாழ்ந்த தாள்களுக்குப் பமாகோவின் ஈரம் ஒவ்வவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரு பகுதி திம்புக்துவுக்குத் திரும்பியது.

உமர் தால் அவர்களுடையதெனக் கூறப்படும் வாளைப் பிரான்ஸ் 2019இல் செனகலிடம் கையளித்தது. செகூவிலிருந்து சென்ற நூல்களோ பாரிஸிலேயே தங்கிவிட்டன.