பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

பத்துமலையிலிருந்து உலு யாம் செல்லும் மலைச்சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்து அணையைத் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் சாலை அது. விடுமுறைக் காலைகளில் அங்கே மிதிவண்டிகளும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் செல்வதைப் பார்க்கலாம். சில சமயம், இப்போது எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காத ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும் உறுமிக்கொண்டு போகும்.

அது 1980களில் வந்த டொயோட்டா ஏ.இ.86 ஆக இருக்கலாம். நம் நாட்டின் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. ஆகவும் இருக்கலாம். ஒரு காலத்தில் இவை சாதாரணப் பழைய கார்களாகக் கைமாறின. இன்று இவற்றைத் தேடி அலைபவர்கள் பலர்.

பழசானால் விலை குறைய வேண்டும் அல்லவா? சில கார்களுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது? அந்த விலை நியாயமானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் நீங்கள் படிக்கும் வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் இதற்குப் பதில் சொல்கின்றன.

முதலில் இறங்கும், பிறகு ஏறும்

100,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு புதிய கார் ஆண்டுக்கு 15 விழுக்காடு மதிப்பை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 85,000 ரிங்கிட். இரண்டாம் ஆண்டு முடிவில் 72,250 ரிங்கிட். பத்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 19,700 ரிங்கிட். ஒவ்வொரு முறையும் 0.85ஆல் பெருக்குகிறோம். கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுள் இருப்பதைப் போல, இந்தக் காரின் விலைக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. ஏறக்குறைய நாலேகால் ஆண்டுக்கு ஒருமுறை அதன் மதிப்பு பாதியாகிறது.

பெரும்பாலான கார்கள் இப்படியே இறங்கி, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். சில வகைக் கார்கள் மட்டும் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறும். மிச்சம் இருப்பவை குறைவு. இளமையில் அந்தக் காரை ஆசையோடு பார்த்தவர்கள் இப்போது சம்பாதித்து வாங்கும் நிலையில் இருக்கிறார்கள். காருக்கு ஒரு கதையும் இருக்கிறது. இந்த மூன்றும் சேரும்போது விலை ஏறுகிறது.

ஏ.இ.86 காரின் கதையை 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை உலகெங்கும் கொண்டு சென்றது. நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காருக்கு ஒரு சட்டம் உதவியது. வெளிநாட்டில் மட்டும் விற்கப்பட்ட ஒரு காரை, அது தயாரிக்கப்பட்டு 25 ஆண்டுகள் ஆன பிறகே அமெரிக்காவில் எளிதாக இறக்குமதி செய்ய முடியும். 1989இல் வந்த ஆர்32 வகை 2014இல் அந்த வயதை எட்டியது. புதிய வாங்குபவர்கள் கூட்டமாக வந்தார்கள், விலை உயர்ந்தது. உச்சத்தில் நிற்பவற்றுள் ஒன்று ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை 36 கார்களே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5 கோடியே 17 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். விலை ஏறிய கார்களைப் பற்றித்தான் செய்தி வரும். துருப்பிடித்து மண்ணோடு போன ஆயிரக்கணக்கான கார்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வென்றவர்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பாகும்.

எண்தான் அடையாள அட்டை

வெளித்தோற்றத்தை நம்பி ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு சத்ரியா நல்ல எடுத்துக்காட்டு. புரோட்டோன் நிறுவனம் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. சத்ரியா ஜி.டி.ஐ. காரின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களையும் உடலையும் இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பை, லோட்டஸ் பொறியாளர்களே சீர்செய்து கொடுத்தார்கள். 1.8 லிட்டர் என்ஜின் கொண்ட அந்தக் கார் நம் நாட்டில் செய்யப்பட்ட உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கியது.

இதே உருவத்தில் சிறிய என்ஜின் கொண்ட சாதாரண சத்ரியா கார்களும் ஏராளமாக விற்றன. அவற்றுக்கு ஜி.டி.ஐ. பம்பரையும் இருக்கைகளையும் மாட்டி, என்ஜினையும் மாற்றிவிட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. உண்மையைச் சொல்வது சேசியிலும் என்ஜினிலும் பொறிக்கப்பட்ட எண்கள்தான். அந்த எண்கள் காரின் கிராண்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் சோதனையில் இவற்றைப் பார்ப்பதும் இதற்காகத்தான். எண்ணைச் சுரண்டி மாற்றிய கார் திருட்டுக் காராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட காரை வாங்கியவர் பணத்தையும் இழப்பார், காரையும் இழப்பார்.

தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் இன்றும் இருந்தால் விலை கூடும். தாத்தாவின் மண்வெட்டிக்கு அப்பா பிடியை மாற்றினார், நீங்கள் தகட்டை மாற்றினீர்கள் என்றால், அது இன்னும் தாத்தாவின் மண்வெட்டிதானா? பழைய கார் வாங்குபவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக அடிக்கலாம். முதல் உடலையும் முதல் என்ஜினையும் இன்னொரு முறை செய்ய முடியாது.

துரு: கண்ணுக்குத் தெரியாத திருடன்

இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் சேர்ந்தால் துரு. உண்மையில் அது ஒரு சிறிய மின்கலம். இரும்பின் ஓர் இடம் எலெக்ட்ரான்களை இழக்கிறது. மற்றோர் இடத்தில் நீரும் உயிர்வளியும் அவற்றைப் பெறுகின்றன. நடுவில் உள்ள ஈரம் மின்சுற்றை முழுமையாக்குகிறது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கோலசிலாங்கூர் போன்ற கரையோர ஊர்களில் துரு வேகமாகப் பரவும். உலு யாம் கடற்கரையில் இல்லை. ஆனாலும் மலையடிவார மழையும், ஆண்டு முழுவதும் காற்றில் நிற்கும் ஈரப்பதமும் துருவுக்குப் போதும்.

துருவின் பருமன், அது தின்ற இரும்பின் பருமனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் பெயிண்டுக்கு அடியில் துரு பிடித்தால் மேலே கொப்புளம் கிளம்புகிறது. கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, தரை விரிப்புக்கு அடியில் உள்ள தகடு ஆகிய இடங்களில் தண்ணீர் தேங்கும். அனுபவமுள்ளவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

இது பணத்தோடு முடியும் விஷயமல்ல. 1,000 கிலோ எடையுள்ள கார், 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஒரு விநாடிக்கு 13.9 மீட்டர். மையநோக்கு விசை கணக்குப்படி, காரை வளைவுக்குள் இழுக்க ஏறத்தாழ 3,860 நியூட்டன் விசை தேவை. இது 390 கிலோ பொருளின் எடைக்குச் சமம். இந்த விசை டயரிலிருந்து சஸ்பென்ஷன் வழியாக, அது பொருத்தப்பட்டுள்ள தகடுகளுக்குப் போகிறது. அந்தத் தகடு துருவேறி மெலிந்திருந்தால், மலைச்சாலையில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காந்தம் சொல்லும் உண்மை

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினால் நல்லது. சிலர் அப்படிச் செய்யாமல் ஓட்டையில் பட்டி பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணாடிபோல் மின்னும். இதைக் கண்டுபிடிக்க மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தம் போதும். நல்ல தகட்டில் அது ‘பட்’டென்று ஒட்டும்; பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவி விழும். தூரம் கூடக் கூடக் காந்த விசை வேகமாகக் குறைவதே காரணம்.

பட்டறைகளில் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியும் உண்டு. தொழிற்சாலைப் பெயிண்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 800 என்று காட்டினால், அங்கே ஒரு கதை மறைந்திருக்கிறது.

ஒவ்வொரு காருக்கும் தனித்தனிப் பலவீனம் இருப்பதையும் மறக்காதீர்கள். 1962இல் வந்த லோட்டஸ் எலான் காரின் உடல் கண்ணாடி இழையால் ஆனது. காந்தம் எங்குமே ஒட்டாது, உடலும் துருப்பிடிக்காது. ஆனால் அதன் முதுகெலும்பான சேசி எஃகு. துரு அங்கே மறைந்திருக்கும்.

என்ஜினின் மூச்சும் ரப்பரின் வயதும்

மருத்துவர் நுரையீரலைச் சோதிப்பதுபோல, மெக்கானிக் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்ப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி என்ஜினைச் சுழற்றுவார். வகையைப் பொறுத்து மாறினாலும், நல்ல பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் 10 முதல் 13 பார் வரை காட்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுவது முக்கியம். மூன்று 12 என்றும் ஒன்று 8 என்றும் காட்டினால், அந்த ஒன்றில் கசிவு. அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார். அழுத்தம் கூடினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

புகையும் பேசும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. என்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசியலாம்.

அடுத்து ரப்பர். நம் பாட்டன் பாட்டிகள் தோட்டங்களில் பால் மரம் சீவி எடுத்த அதே பொருள்தான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகும். ஆனால் உயிர்வளியும் ஓசோனும் வெப்பமும் அதை மெல்ல மெல்லக் கெடுத்து, இறுகி வெடிக்கச் செய்யும். ஓடாமல் கொட்டகையில் நின்ற காரின் ரப்பருக்கும் வயதாகும். ‘பத்து வருஷம் ஓட்டவே இல்லை, புதுசு மாதிரி’ என்று ஒருவர் சொன்னால், டயரையும் ரப்பர் குழாய்களையும் மாற்றும் செலவை உடனே கணக்கில் சேர்க்க வேண்டும்.

லாபமா? கணக்குப் போடுங்கள்

ஒருவர் 40,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய காரைப் பத்து ஆண்டுகள் கழித்து 80,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். விலை இரட்டிப்பு! ஆனால் காப்புறுதி, சாலை வரி, உதிரிப் பாகங்களுக்கு ஆண்டுக்கு 3,000 என்றால், பத்து ஆண்டுகளில் 30,000 செலவு. கையில் மிஞ்சும் லாபம் 10,000 ரிங்கிட். அதே 40,000 ரிங்கிட்டை 3 விழுக்காடு கூட்டு வட்டியில் வங்கியில் போட்டிருந்தால், சும்மா இருந்தே சுமார் 13,750 ரிங்கிட் கிடைத்திருக்கும்.

ஆகவே காரை நேசிப்பவர் வாங்கலாம். பணம் பெருக்க மட்டும் வாங்குபவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. பட்டறை ரசீதுகள், பழுதுபார்த்தபோது எடுத்த படங்கள், கழற்றி வைத்த அசல் பாகங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினால் விலை கூடும். வாங்குபவர் பணம் கொடுப்பது காருக்கு மட்டுமல்ல, அதன் வரலாற்றுக்குச் சான்று இருப்பதற்கும்தான். துருவைப் பட்டியால் மறைத்து விற்பவர் இன்னொருவரின் உயிரோடு விளையாடுகிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. நான்கு புது ஆணிகளை எடுங்கள். ஒன்றை உலர்ந்த புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். ஒன்றைக் குழாய் நீரிலும், ஒன்றை உப்பு நீரிலும் வையுங்கள். நான்காவதன் மேல் எண்ணெய் தடவிக் குழாய் நீரில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து எது அதிகம் துருப்பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டுக் காரின் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். ‘2319’ என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. உங்கள் வீட்டு டயருக்கு இப்போது என்ன வயது?